பக்கம் பிரித்த கைகள்

சென்ற தவணைப் பரீட்சைக்கென வினாத்தாள் ஒன்றைக் கணினியிலே தயாரித்தேன். திரையிற் பார்த்தபோது குறையேதும் தென்படவில்லை. அச்சுப்பொறியிலிருந்து வெளிவந்த ஐந்து தாள்களைப் பிரதியெடுத்து வகுப்பிற் கொடுத்த பின்னரே பிழை புலப்பட்டது. இரண்டாம் தாளின் அடியில் "பின்வரும் பந்தியை வாசித்து விடை தருக" என்ற வரி தனித்து நின்றது. பந்தியோ மூன்றாம் தாளிற் கிடந்தது. பந்தியைக் காணாது பிள்ளைகள் சிலர் அவ்வினாவையே விட்டுவிட்டனர்.

எங்கள் ஊரிலே நெடுங்காலம் ஈய எழுத்துக் கோத்து ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் அத்தாள்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டியவர், "மாஸ்ரர், இது தாளைப் பார்த்து வெட்டியிருக்கு, எழுதினதைப் பார்க்கேல்லை" என்றார்.

அந்தச் சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. நீண்டதொரு வாசகத்தைப் பக்கங்களாகப் பிரிப்பது யாருடைய வேலை? அந்த அறிவு யாரிடமிருந்து யாரிடம் சென்றது? சென்றபோது அதன் பலனை யார் பெற்றனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையால் எழுத்துக் கோத்த காலத்தில் வேலை இரு கட்டங்களாக நடைபெற்றது. அச்சுக்கோப்பாளர் முதலில் எழுத்துக்களை வரிவரியாகக் கோத்து நீண்ட தட்டொன்றில் அடுக்குவர். அந்நிலையிற் பக்கம் என்ற எல்லை அவ்வாசகத்துக்கு இல்லை. மெய்ப்புப் பார்த்துத் திருத்திய பின்னரே அதனைப் பக்க அளவுக்குப் பிரித்து, தலைப்பும் பக்க எண்ணும் சேர்த்து, நூலாற் கட்டி, இரும்புச் சட்டத்துள் இறுக்குவர். இந்த இரண்டாம் கட்டத்திலேதான் தொழிலாளியின் மதிநுட்பம் முழுமையாக வெளிப்பட்டது. தலைப்பொன்று பக்கத்தின் அடியில் தனித்து நிற்றலாகாது. பந்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறி நிற்றலாகாது. அவ்வாறு நேருமாயின், வரிகளுக்கிடையே மெல்லிய ஈயத் தகடுகளை நுழைத்தோ நீக்கியோ இடத்தைச் சரிசெய்வர். தனித்துவிடப்பட்ட அவ்வரிகளை ஆங்கில அச்சுத்தொழிலாளர் விதவை என்றும் அநாதை என்றும் அழைத்தனர். ஆதரவற்ற மாந்தரின் பெயரைப் பிழைகளுக்குச் சூட்டிய அச்சமுதாயத்தின் இயல்பு வேறு ஆராய்ச்சிக்குரியது. ஆயின், அப்பிழைகளை நீக்கியவர் கூலிக்கு உழைத்த தொழிலாளரே என்பதை நாம் மறத்தலாகாது.

1886ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் பத்திரிகையொன்றில் ஒற்மர் மெர்கன்தாலரின் லைனோரைப் இயந்திரம் வேலைக்கு வந்தது. வரி முழுவதையும் உருகிய உலோகத்தில் ஒரே வார்ப்பாக வார்க்கும் பொறி அது. ஆனால் வரியையே இயந்திரம் வார்த்தது. பக்கத்தைக் கையே அமைத்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. பக்கம் அவர்களுடைய கையைக் கடந்தே வெளியேற வேண்டியிருந்தமையால், அச்சுக்கோப்பாளரின் சங்கங்கள் வலிமை மிக்கனவாக விளங்கின. 1852இல் அமெரிக்காவில் தோன்றிய அச்சுக்கோப்பாளர் சங்கம் அந்நாட்டின் பழம்பெரும் தொழிற்சங்கங்களுள் ஒன்று.

கணினி அச்சுக்கூடத்தின் வாயிலுக்கு வந்தபோது அச்சங்கம் வாளாவிருக்கவில்லை. 1962 டிசம்பரில் நியூயோர்க் நகரத்து அச்சுக்கோப்பாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நகரின் பெரும் பத்திரிகைகள் 114 நாட்கள் வெளிவரவில்லை. கூலியுயர்வு மாத்திரமன்றி, தன்னியக்க முறையால் வரும் இலாபம் யாருக்கு என்பதும் அப்போராட்டத்தின் கருவாயிருந்தது. 1974இல் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. புதிய இயந்திரங்களைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அப்போது வேலையிலிருந்தோருக்கு ஆயுட்கால வேலை உறுதி கிடைத்தது. 1978 ஜூலை மாதத்தின் ஓர் இரவில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஈய வார்ப்பில் கடைசித் தடவையாக அமைந்தது. இருந்த தொழிலாளர் காக்கப்பட்டனர்; வரவேண்டிய தலைமுறைக்கு அத்தொழில் இல்லாமற் போயிற்று.

இதே காலத்தில், அமெரிக்காவின் மறுகரையிலே, பக்கம் அமைக்கும் அறிவு வேறோர் உருவில் பிறந்துகொண்டிருந்தது. பிரதியெடுக்கும் பொறிகளாற் பெரும்பொருள் ஈட்டிய ஸெறொக்ஸ் கம்பனி, 1970இல் கலிபோர்னியாவின் பாலோ அல்ற்றோ நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. கம்பனியின் கிழக்குக்கரை ஆய்வுகூடத்தில் மேலதிகாரிகளின் ஆதரவின்றி லேசர் ஒளியால் அச்சிடும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்த கரி ஸ்ராக்வெதர் என்னும் பொறியியலாளர் 1971இல் அங்கு மாற்றம் பெற்று வந்து, தம் பொறியை இயங்கவைத்தார். மின்னேற்றப்பட்ட உருளையின்மீது லேசர்க் கதிர் எழுத்துருவை வரைகின்றது. வரைந்த இடத்தில் மைத்தூள் ஒட்டுகின்றது. தாளில் ஏறிய தூளை வெப்பம் இறுகச் செய்கின்றது. இதுவே அதன் தத்துவம். 1977இல் சந்தைக்கு வந்த ஸெறொக்ஸ் 9700 பொறி நிமிடத்துக்கு 120 பக்கங்களை அச்சிட்டது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தட்டச்சுப்பொறி வரிவரியாக அடிப்பது. எந்த வரியிலும் நின்று யோசிக்கலாம். லேசர்ப் பொறியின் உருளையோ ஒரு பக்கத்தின் இடையில் நின்று காத்திருக்க மாட்டாது. பக்கத்தில் எது எங்கே நிற்கவேண்டும் என்பது தாள் நகரத் தொடங்குமுன்னரே தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். தட்டிலிருந்த நீண்ட வாசகத்தைப் பக்கமாக்கிய அச்சுக்கோப்பாளரின் வேலை இவ்வாறு கணினி நிரலின் கடமையாயிற்று.

அந்நிலையத்தில் 1973இல் உருவான அல்ற்றோ என்னும் கணினியின் திரை, தாளைப் போல நிமிர்ந்து நின்றது. அகலம் 606 புள்ளிகள், உயரம் 808 புள்ளிகள். பற்லர் லாம்ப்சன், சாள்ஸ் சிமோனி ஆகியோர் 1974இல் அதற்கென ஆக்கிய பிறாவோ என்ற நிரலில், திரையிற் காண்பது போன்றே தாளிலும் காணலாம் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் லரி ரெஸ்லர், ரிம் மொற் ஆகிய இருவரும் ஜிப்சி என்ற நிரலை எழுதினர். அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிதல் நன்று. ஸெறொக்சுக்குச் சொந்தமாயிருந்த கின் என்ற பாடநூற் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்களுக்காகவே அது எழுதப்பட்டது. அவர்கள் வேலை செய்யும் முறையை அருகிருந்து அவதானித்தே நிரல் வகுக்கப்பட்டது. கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தாள்களை வெட்டி ஒட்டிய அவர்களது கைப்பழக்கமே, இன்று எல்லாக் கணினிகளிலும் காணும் வெட்டல், ஒட்டல் என்னும் கட்டளைகளாய் நிலைபெற்றுள்ளது. உழைப்பாளரின் பழக்கம் இயந்திரத்தின் இலக்கணமாயிற்று.

திரையிலே முடிவின்றி ஓடும் வாசகம், அச்சிடு என்று கட்டளையிட்டதும் என்ன ஆகின்றது? நிரல் முதலில் தாளின் அளவையும் ஓரங்களையும் அறிந்துகொள்கின்றது. பின்னர், திரையின் புள்ளிகளால் அன்றி அச்சுப்பொறியின் புள்ளிகளால் ஒவ்வொரு வரியின் உயரத்தையும் அளந்து, மேலிருந்து கீழாக அடுக்குகின்றது. எஞ்சிய இடம் ஒரு வரிக்குப் போதாதபோது பக்கத்தை முடித்து, விட்ட இடத்தை நினைவிற்கொண்டு அடுத்த பக்கத்தைத் தொடங்குகின்றது. இன்னும் பக்கம் உண்டா என்ற வினாவுக்கு நிரல் ஒவ்வொரு முறையும் விடை கூறவேண்டும். இல்லை என்று தவறாகக் கூறின் முதற்பக்கத்தோடு வேலை நின்றுவிடும். உண்டு உண்டு என்றே கூறின் தாள் தீரும்வரை பொறி ஓயாது. மொத்தப் பக்க எண்ணை முதற்பக்கத்தில் அச்சிட வேண்டுமாயின், வாசகம் முழுவதையும் ஒருமுறை பிரித்து எண்ணிவிட்டே அச்சிடத் தொடங்க வேண்டும். ஈயத் தட்டின்முன் நின்றவர் மனக்கணக்காற் செய்த வேலைகளே இவை. அவருடைய தீர்ப்பு எளியதன்று என்பதற்குக் கணிதமும் சான்று பகர்கின்றது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கல் பிளாஸ் 1981இல் அளித்த ஆய்வேடு, படங்களும் வாசகமும் கலந்த நூலைச் செம்மையாகப் பக்கம் பிரிக்கும் பிரச்சினையின் சில வடிவங்கள் கணினிக்கும் மிகக் கடினமானவை என நிறுவியது.

ஆய்வுகூடத்தில் விளைந்தவை சந்தைக்கு வந்தபோது அவற்றின் தன்மை மாறிற்று. பக்கத்தை விவரிக்கும் மொழியொன்றை ஸெறொக்ஸ் கம்பனியில் ஆக்கிய ஜோன் வோர்னொக், சாள்ஸ் கெஷ்கி இருவரும், கம்பனி அதனை வெளியிடத் தயங்கியமையால் விலகி, 1982இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களது பொஸ்ற்ஸ்கிரிப்ற் மொழியை உள்ளடக்கிய லேசர்றைற்றர் பொறியை அப்பிள் கம்பனி 1985 ஜனவரியில் 6,995 டொலர் விலைக்கு வெளியிட்டது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அமெரிக்கக் கடிதத்தாள் ஒன்றை நிரப்ப ஏறக்குறைய 84 இலட்சம் புள்ளிகள் வேண்டும். அத்தனையையும் தாங்குதற்கு அப்பொறிக்கு அளிக்கப்பட்ட நினைவகம், அதனோடு இணைக்கப்பட்ட கணினியினதைவிடப் பெரிது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் போல் பிறெயினெர்டின் அல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற நிரலை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் பெயர் வெனிஸ் நகரத்துப் பழைய அச்சாளரான அல்டஸ் மனூற்றியசை நினைவூட்டுவது. நிரலின் பெயரோ பக்கம் ஆக்குவோன் என்று பொருள்படுவது. தொழிலாளியின் பட்டத்தைச் சரக்கு தனதாக்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டிலேயே இதன் மறுபக்கம் இலண்டனில் வெளிப்பட்டது. 1986 ஜனவரியில் றூப்பேர்ட் மேர்டொக்கின் நிறுவனம், தன் பத்திரிகைகளை வொப்பிங் என்னுமிடத்திலே கணினிகள் பொருத்தப்பட்ட புதிய ஆலைக்கு மாற்றியது. வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கு மேலாக ஆலை வாயிலில் மறியல் நிகழ்ந்தது. 1987 பெப்ரவரியில் தோல்வியில் முடிந்தது. நியூயோர்க்கில் பேரம்பேசிப் பெற்ற வேலை உறுதி இலண்டனிற் கிட்டவில்லை. பொறியின் இயல்பு ஈரிடத்தும் ஒன்றே. தொழிலாளரின் கதியை நிர்ணயித்தது பொறியன்று, அவ்விடத்து வர்க்கப் பலாபலமே.

எனினும் வரலாறு தோல்வியோடு நின்றுவிடவில்லை. 1980ஐ அண்டிய காலத்தில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்றில் ஸெறொக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று இருந்தது. தாள் அடிக்கடி சிக்கியது. முந்திய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, சிக்கல் நேர்ந்ததும் காத்திருப்போருக்கு அறிவிக்கச் செய்திருந்தார் றிச்சாட் ஸ்ரோல்மன். புதிய பொறியின் மூலநிரலோ அவருக்கு மறுக்கப்பட்டது. அச்சிறு மறுப்பும், கருவியை உபயோகிப்பவன் அதனை அறியவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடையவன் என்ற கொள்கைக்குத் தூண்டுகோலாயிற்று. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். பாலோ அல்ற்றோ நிலையத்தில் முன்னர் பணியாற்றிய எல். பீற்றர் டொயிச், பொஸ்ற்ஸ்கிரிப்ற் மொழியை விளங்கி அச்சிடும் கோஸ்ற்ஸ்கிரிப்ற் என்ற நிரலை 1988இல் அத்திட்டத்துக்காக வெளியிட்டார். தனிச்சொத்தாய் இருந்த அறிவின் ஒரு பகுதி பொதுச்சொத்தாய் மீண்டது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? இயந்திரத்தைச் சபிப்பது பேதைமை. ஒரு காலத்தில் அச்சுக்கூட முதலாளியின் தயவை நாடி நின்ற கிராமத்து ஆசிரியன் இன்று தன் மேசையிலிருந்தே வினாத்தாளையும் கைநூலையும் துண்டுப்பிரசுரத்தையும் அச்சிடுகின்றான். இது உண்மையான முன்னேற்றமாகும். ஆயின் அந்த வசதியைத் தனிமேதைகளின் கொடையென்று நம்புவது வரலாற்றுக் குருட்டுத்தனம். பக்கம் என்ற அறிவைத் தலைமுறை தலைமுறையாக ஆக்கியவை ஈயத் தூசி படிந்த கைகள். அவ்வறிவு இயந்திரத்துள் குடியேறியபோது அக்கைகளுக்குரிய பங்கு பெரும்பாலும் கொடுபடவில்லை.

அன்று மாலை அம்முதியவர் எனக்கு ஒரு வழி சொன்னார். அறிவுறுத்தும் வரி அதன் பந்தியை விட்டுப் பிரியாதபடி கட்டிவைக்க வேண்டும் என்றார். என் கணினியிலே தேடியபோது, ஒரு பந்தியை அடுத்த பந்தியோடு சேர்த்துவைக்கும் கட்டளை அங்கேயே இருந்தது. அவர் நூலாற் கட்டியதன் நிழல் அது. அதனை இருந்தும் அறியாதிருந்தவன் நான்.

நம் மாணவருக்குக் கணினியின் விசைகளைக் கற்பிக்கின்றோம். அவ்விசைகளின் பின்னே நின்ற கைகளையும் கற்பிப்போமாக. கருவி யாருடைய உழைப்பாலானது, அதன் பலன் யாரைச் சேர்கின்றது என்று கேட்கத் தெரிந்த மாணவனே, நாளை வரவிருக்கும் இயந்திரத்தின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்பான்.