கோடி, பாடு, திட்டு: பாம்பன் தீவின் கரைப்பெயர்கள்

பெங்களூரிலிருந்து வார இறுதியில் புறப்படும் சுற்றுலா வண்டிகள் பாம்பன் தீவின் கிழக்கு முனையை அடையும்போது, பயணிகளின் பேச்சில் பெரும்பாலும் இரண்டு சொற்களே புழங்குகின்றன: ‘பீச்’, ‘பேய் நகரம்’. முதற்சொல் அக்கரையை ஓய்விடமாக்குகிறது. இரண்டாம் சொல் அதை ஆளற்றதாக்குகிறது. அத்தீவின் கரைகளுக்கு ஏற்கெனவே வழங்கிவரும் பெயர்களோ வேறு செய்தி சொல்கின்றன.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி கிரேக்க மொழியில் எழுதிய புவியியல் நூல் இப்பகுதியில் ‘கோரு’ என்றொரு முனையைக் குறிக்கிறது. கால்டுவெல் அதைத் தனுஷ்கோடியின் ‘கோடி’யோடு பொருத்தினார். வில்லின் நுனி என்பது தொடரின் வடமொழிப் பொருள். தமிழ் வழக்கிலோ தெருக்கோடி, கோடிவீடு என எதனுடைய கடைசி எல்லையையும் ‘கோடி’ என்கிறோம். வடக்கே கோடிக்கரையும் உள்ளது. உயிர்களுக்கு நடுவே வரும் டகரம் அயலார் செவியில் ரகரமாக விழுவதும் இயல்பே. எனினும் இப்பொருத்தத்தை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை. நிலம் முடியும் இடம் என்ற பொருளில், புராணத்தைச் சாராமலே அப்பெயர் விளங்குகிறது என்பது போதும்.

யாத்திரிகர்கள் விட்டுச்சென்ற பெயர்கள் வெளிப்படையானவை: அக்கினி தீர்த்தம், வில்லூண்டி தீர்த்தம், தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம். நீராடும் இடம், தங்கும் இடம், உண்ணும் இடம். இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கியதாகப் போற்றப்படும் குந்துகாலும் இத்தீவின் ஒரு வாயில்தான்.

மீனவர் வழக்குக்கு வரும்போது கரையின் இலக்கணமே மாறுகிறது. தனுஷ்கோடியில் ஒரு மெல்லிய மணற்பட்டையின் இருபுறமும் இரு கடல்கள். வடக்கே பாக் நீரிணையின் அமைதியான நீர் ‘பெண்கடல்’; தெற்கே மன்னார் வளைகுடாவின் அலைமிகு நீர் ‘ஆண்கடல்’. இது வெறும் உருவகமன்று; தொழில் அறிவு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும். தென்மேற்குக் காற்றின்போது தென்கடல் சீறும். ஒரு கரை மூடினால் மறுகரை திறக்கும். ஆகவே இங்கே ‘கடற்கரை’ என்பது ஒருமையாக இருக்க இயலாது. மீன்பிடிக் குடில்களும் மீன் விற்பனையும் அமைந்த கரையை ‘வாடி’ என்பர். பாம்பனில் தெற்குவாடி இன்றும் ஊர்ப்பெயர்.

இவற்றுள் மிகுந்த கவனத்துக்குரியது ‘பாடு’. கரைவலை என்பது ஒரு முனையைக் கரையில் நிறுத்தி, படகில் வலையைக் கடலுக்குள் வளைத்துவந்து, பின் பலர் கூடி மணலில் நின்று இழுக்கும் வலை. அதற்கு இடையூறற்ற நீண்ட கரை வேண்டும். அவ்வாறு வலை இழுக்க உரிமையுள்ள கரைத்துண்டை இலங்கைத் தமிழ் மீனவர் ‘பாடு’ என்பர். பழவேற்காட்டு மீனவரிடையே, இன்னார் இன்ன இடத்தில் வலைகட்டலாம் என முறைவைக்கும் ஏற்பாடும் ‘பாடு’ எனப்படும். தனுஷ்கோடிப் பகுதியிலுள்ள கம்பிப்பாடு என்னும் பெயரின் ஈற்றுச்சொல்லும் இதுவே எனக் கொள்ள இடமுண்டு. அப்படியாயின் அது வெறும் இடப்பெயரன்று, ஓர் உரிமையின் பெயர். பட்டாவில் எழுதப்படாத உரிமை பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

1914இல் பாம்பன் ரயில்பாலம் திறக்கப்பட்டபின் இக்கரை ஐம்பதாண்டுகள் பன்னாட்டுத் துறைமுகமாக இருந்தது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகளைத் தனுஷ்கோடியில் இறக்கியது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பலரும் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டபின் கடல் கடந்தனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் ரயில் நிலையம், தேவாலயம், அஞ்சலகம் அனைத்தையும் சிதைத்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு அவ்வூரை வாழத் தகுதியற்றதென அறிவித்தது.

ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பின. ஓலைக்குடிசைகளில், பல பத்தாண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தன. வாழத் தகுதியற்றது என்ற முத்திரை விழுந்த நிலத்தில் வாழ்வோர் எதை ஆதாரமாகக் காட்டி எதைக் கேட்பது? ‘பேய் நகரம்’ என்னும் சுற்றுலாத் தொடர் அந்த அரசாணையின் பேச்சுவழக்கு வடிவமாகவே ஒலிக்கிறது.

‘திட்டு’ என்னும் சொல்லுக்கும் இக்காலத்தில் புதுச்சுமை ஏறியது. அரிச்சல்முனைக்கு அப்பால் தலைமன்னார் நோக்கிச் செல்லும் மணல்திட்டுகள் மீனவர்க்கு வழியடையாளங்கள். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து படகில் தப்பிவந்தோர்க்கு, படகோட்டிகள் இறக்கிவிட்டுச் சென்ற முதல் இந்திய மண் பல நேரங்களில் இத்திட்டுகளே. 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் அவ்வாறே வந்தனர். ஒன்றாம் திட்டு, ஐந்தாம் திட்டு என நாளிதழ்கள் எண்ணிட்டு எழுதின. நிழலோ நீரோ இல்லாத மணலில் குழந்தைகளோடு காத்திருந்து, மீட்கப்பட்டபின் பலர் சென்ற இடம் அதே மண்டபம்.

2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. சாலை திறக்கப்பட்டது. அதற்குமுன் மணலில் ஓடக்கூடிய வேன்களே போயின. இப்போது எல்லா வண்டிகளும் முனைவரை செல்கின்றன. சாலையிலிருந்து சற்று விலகி, இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த அம்மணலில் சில அடி தோண்டினால் ஊறும் நன்னீரைச் சிரட்டையாலும் சிறு பாத்திரத்தாலும் மொண்டு குடத்தில் நிரப்புவது அங்குள்ள பெண்களின் அன்றாட வேலை. அக்குழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஊற்று’.