குளிர்விந்து

காளையின் விந்தை முட்டை மஞ்சள்கரு, சிட்ரேட் கலந்த கரைசலில் நீர்க்கச் செய்து, 5 டிகிரி செல்சியஸில் வைத்து இரண்டு மூன்று நாள்களுக்குள் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படுத்தும் முறை. குளிரின் அதிர்ச்சியிலிருந்து விந்தணுவைக் காப்பது மஞ்சள்கருதான். இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் 1939இல் மைசூரில் தொடங்கியது. 1949இல் பிரிட்டனில் விந்தணுவை உறையவைப்பதில் கிளிசராலின் பயன் தெரிந்தபின் உறைவிந்துக்கு வழி பிறந்தது. உறைவிந்து திரவ நைட்ரஜனில், −196 டிகிரியில், ஆண்டுக்கணக்கில் கெடாமலிருக்கும். குளிர்விந்து பின்னுக்குப் போனது அதனால்தான். தமிழ்நாட்டில் உதகை, ஓசூர், ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. கீழக்குயில்குடி போன்ற மதுரைப் பக்கத்து ஊர்களில் மாடு வளர்ப்போருக்குச் செயற்கைக் கருவூட்டல் என்பது ‘சினை ஊசி’. உண்மையில் ஊசி எதுவும் குத்துவதில்லை. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு மாலையில் போடுவார்கள்.