களத்தடுப்பு

ஸ்ரீரங்கத்துப் பையன்கள் கிரிக்கெட்டில் ‘பீல்டிங்’ என்பதை இலங்கைத் தமிழ் இதழ்கள் களத்தடுப்பு என்று எழுதும். களம் + தடுப்பு. மகரம் கெட்டுத் தகரம் மிகுந்தது. நெல்லடிக்கும் இடமும் களம்தான், போரிடும் இடமும் களம்தான்.

நல்ல சொல், ஆனால் அரைச்சொல். பவுண்டரியைத் தடுப்பது இதில் அடங்கும், கேட்சும் ரன் அவுட்டும் அடங்கா. சொல் மட்டுமல்ல, கணக்கும் அரைதான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை உதைக்கும் கட்டங்களுக்கென்றே தனிக்குழு இறங்கும். அதன் ஆட்டத்தைத் தனியே எடைபோடுவார்கள். நம் ஸ்கோர் அட்டையிலோ தடுத்த ரன்னுக்குப் பத்தியே கிடையாது. 2021 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) இறுதிப் போட்டியில் ரூபி திருச்சி வாரியர்ஸ், சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் தோற்றது 8 ரன்னில். இரண்டே பவுண்டரிக் கணக்கு. அன்று களத்தில் தடுத்தது எத்தனை, விட்டது எத்தனை என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.