நரகம் நிரந்தரமா? லண்டனில் நடந்த ஒரு அப்பீல் கேஸ்

நரகம் உண்டா இல்லையா என்று டீக்கடையில் பேசலாம், கோயில் மண்டபத்தில் பேசலாம். கோர்ட்டில் பேச முடியுமா? பேசியிருக்கிறார்கள். 1864 பிப்ரவரி 8ம் தேதி லண்டனில் தீர்ப்பே சொல்லியிருக்கிறார்கள்.

கேஸுக்குப் போகும் முன் ஒரு சின்ன அடிப்படை. நம்ம ஊர் மரபுகளில் நரகம் கொடூரமானது, ஆனா அதுக்கு ஒரு கெடு உண்டு. பாகவத புராணம் 28 நரகங்களைப் பட்டியல் போடுகிறது. வினை தீர்ந்ததும் மறுபடி பிறவிதான். சமணத்தில் ஏழு நரகங்கள். முதல் நரகத்தில் குறைந்தபட்ச ஆயுளே 10,000 ஆண்டுகள். ஏழாவதில் அதிகபட்சம் 33 சாகரோபமம், அதாவது நம்மால் எண்ணவே முடியாத காலம். இருந்தாலும் எண்ணிக்கை என்று ஒன்று இருக்கிறது, ஒருநாள் முடியும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, டைம்அவுட் வைத்த நரகம்.

கிறிஸ்தவத்தின் மையநீரோட்டத்தில் அப்படியில்லை. உள்ளே போனால் போனதுதான். அங்கேயும் மாற்றுக் குரல்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 3ம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஓரிகன், தண்டனை என்பது திருத்துவதற்கே, கடைசியில் எல்லா உயிரும் இறைவனிடம் திரும்பும் என்ற நம்பிக்கையை முன்வைத்தார். 5ம் நூற்றாண்டில் அகஸ்டின் இந்த மாதிரி எண்ணங்களை மறுத்து எழுதினார். மேற்கு ஐரோப்பாவில் நிலைத்தது அகஸ்டின் கட்சிதான்.

இப்ப இங்கிலாந்துக்கு வருவோம். 1853ல் எஃப். டி. மாரிஸ் என்ற இறையியல் பேராசிரியர் ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார். பைபிளில் வரும் ‘நித்தியம்’ என்ற சொல் கால நீளத்தைக் குறிக்கவில்லை, கடவுளோடு உள்ள உறவைக் குறிக்கிறது என்பது அவர் வாதம். லண்டன் கிங்ஸ் காலேஜ் நிர்வாகம் அவரை வேலையை விட்டே தூக்கிவிட்டது. ஒரு சொல்லுக்கு வேறு பொருள் சொன்னதுக்கு இந்தத் தண்டனை.

1860ல் ‘எஸ்ஸேஸ் அண்ட் ரிவ்யூஸ்’ என்ற தொகுப்பு வந்தது. எழுதியவர்கள் ஏழு பேர், அதில் ஆறு பேர் குருமார்கள். டார்வின் புத்தகம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்த நேரம். ஹென்றி பிரிஸ்டோ வில்சன் என்ற கிராமத்துப் பாதிரியார் தன் கட்டுரையின் முடிவில் ஒரு நம்பிக்கையைச் சொல்லியிருந்தார். வளர்ச்சி பெறாமலே இறந்த ஆன்மாக்களுக்கு மறுமையில் வளர இடமிருக்கும், கடைசியில் எல்லோருக்கும் இறைவனிடம் புகலிடம் கிடைக்கும் என்று. அடித்துச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார். அதற்கே கேஸ்.

ரோலண்ட் வில்லியம்ஸ் என்ற இன்னொரு கட்டுரையாளர் மீதும் வேறு குற்றச்சாட்டுகளில் வழக்கு போட்டார்கள். 1862ல் திருச்சபை நீதிமன்றம் இரண்டு பேரையும் ஒரு வருஷம் சஸ்பெண்ட் செய்தது. அவர்கள் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனார்கள். ஆமாம், நம்ம ஜமீன் வழக்குகள் போன அதே பிரிவி கவுன்சில். ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில் 1868ல் தீர்ப்பு சொன்னதும் இதே அமைப்புதான்.

லார்ட் சான்சலர் வெஸ்ட்பரி கேஸை அணுகிய விதம்தான் எனக்குப் பிடித்த இடம். நரகம் நிரந்தரமா என்று அவர் ஆராயவே இல்லை. நிரந்தரம் என்று நம்பியே ஆகவேண்டும் என்று இங்கிலாந்து திருச்சபையின் சட்டத்தில் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

1553ல் ஆறாம் எட்வர்ட் காலத்தில் திருச்சபைக்கு 42 கொள்கை விதிகள் வகுத்தார்கள். அதில் கடைசி விதி, எல்லோரும் இறுதியில் மீட்கப்படுவார்கள் என்று சொல்பவர்களைக் கண்டித்தது. பத்து வருஷம் கழித்து எலிசபெத் காலத்தில் விதிகளைத் திருத்தி எழுதியபோது அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இன்றுவரை உள்ள 39 விதிகளில் அது கிடையாது. பழைய வெர்ஷனில் இருந்த வரி, புது வெர்ஷனில் இல்லை. இருந்ததை நீக்கியிருக்கும்போது, அது இன்னும் கட்டாயம் என்று எப்படிச் சொல்வது? வில்சன் அப்படி நம்ப ஆசைப்பட்டது குற்றமல்ல என்று தீர்ப்பானது. 300 வருஷத்துக்கு முன் யாரோ அடித்த ஒரு வரி அவரைக் காப்பாற்றியது.

வெஸ்ட்பரி நரகத்தையே தள்ளுபடி செய்துவிட்டார் என்று அப்போது ஒரு ஜோக் ஓடியது. ஆனால் கோபம் நிஜமானது. நித்திய தண்டனை உண்டு என்ற பிரகடனத்தில் சுமார் 11,000 குருமார்கள் கையெழுத்திட்டார்கள். நரக பயம் போனால் ஒழுக்கம் என்னாகும் என்பது அவர்கள் பலருடைய கவலை. அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மக்களைத் தப்பு செய்யவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தக் கயிறுதான் என்று உண்மையாகவே நம்பியவர்கள் அவர்கள்.

எதிர்த் தரப்பிலும் அதே அளவு கவலை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பிஷப்பாக இருந்த கோலென்சோ, ஜூலு மக்களிடையே வேலை செய்தவர். நற்செய்தியே காதில் விழாமல் செத்துப்போன தலைமுறைகள் எல்லாம் நித்திய நெருப்பில் கிடக்கின்றன என்று அவர்களிடம் போய்ச் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. 1861ல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையில் முடிவில்லாத தண்டனையை மறுத்தார். அவர் மீது வந்த குற்றச்சாட்டுகளில் அதுவும் ஒன்று. கேப் டவுன் பிஷப் அவரைப் பதவிநீக்கம் செய்தார். அந்த அதிகாரம் உமக்கில்லை என்று 1865ல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

1877ல் எஃப். டபிள்யூ. ஃபாரர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலேயே நின்று நித்திய நரகத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். பியூசி என்ற பெரிய அறிஞர் ஒரு புத்தகமே எழுதி மறுத்தார். ஆனால் யாரும் ஃபாரரின் வேலையில் கைவைக்கவில்லை. 1895ல் கேன்டர்பரி டீனாகவே ஆனார். மாரிஸ் வேலையிழந்து 24 வருஷத்தில் இவ்வளவு மாற்றம்.

இதில் நான் பார்ப்பது இதுதான். நரகம் இல்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை, உண்டு என்றும் நிரூபிக்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: எல்லோருக்கும் மீட்பு உண்டு என்று நம்புகிற மனுஷனை, செத்த பிறகு என்ன ஆகுமோ, உயிரோடு இருக்கும்போது தண்டிக்கக் கூடாது என்று ஆனது. என் கணக்கில் அது சின்ன விஷயமில்லை.

ஓரிகன் பற்றி ரொம்ப சுருக்கமாகக் கடந்துவிட்டேன். அவருக்கென்று தனிப் பதிவே போடவேண்டும்.