மூன்றாம் ஜார்ஜ் படத்தை வரைந்தது யார்?

சென்னைக்குப் போகும் நம் குடியிருப்புவாசிகள் பலரும் மெரினா, தி.நகர் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அடுத்த முறை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அங்குள்ள பழைய ஆளுயரப் படங்களில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் படமும் ஒன்று. ஆலன் ராம்சே என்ற ஸ்காட்லாந்து ஓவியரின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஜார்ஜ் 1761 செப்டம்பரில் முடிசூடினார். முடிசூட்டு உடையில் அவரை ராம்சே வரைந்த படம் அரசருக்குப் பிடித்துப்போனது. தூதரகங்களுக்கும் ஆளுநர்களுக்கும் வேற்று நாட்டு மன்னர்களுக்கும் அதன் பிரதிகளைத்தான் அனுப்ப வேண்டும் என்றாகிவிட்டது. இப்போது அலுவலகங்களில் தலைவர்கள் படம் மாட்டுகிறோமே, அதைப் போலத்தான். ஆனால் அன்று அச்சகத்துக்குக் கொடுத்து வாங்க முடியாது. ஒவ்வொன்றையும் கையால் வரைய வேண்டும். ராஜா ஒன்று, ராணி சார்லட் ஒன்று என ராம்சேயின் பட்டறையிலிருந்து 150 ஜோடிக்கு மேல் வெளியே போயின. ஒரு மனிதர் செய்கிற வேலையா இது?

உதவியாளர்கள்தான் செய்தார்கள். போதாக்குறைக்கு 1773ல் ராம்சே ஏணியிலிருந்து விழுந்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். வீட்டில் தீப்பிடித்தால் எப்படித் தப்புவது என்று வீட்டாருக்குச் செய்துகாட்டும்போது நடந்த விபத்து அது! (நம் தீயணைப்பு ஒத்திகைக்கு வராமல் நழுவுகிறவர்கள் இதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.) அதன்பின் ராஜா, ராணி படங்களைப் பெரும்பாலும் முடித்துக் கொடுத்தவர் அவருடைய மாணவர் பிலிப் ரைனகல். வருடக்கணக்காக ஒரே முகம், ஒரே அங்கி. மனிதர் அலுத்துப்போய் ஆள்படம் வரைவதையே விட்டுவிட்டு நாய்களையும் பறவைகளையும் வரையப் போய்விட்டார். எனக்கு அவர் மேல்தான் பரிதாபம்.

இந்தப் பிரதிகளில் கையெழுத்து இருப்பது அபூர்வம். வாங்கியவர்கள் எல்லாவற்றையும் ‘ராம்சே’ என்றே பதிந்துகொண்டார்கள். நிபுணர்கள் இன்று கை, சரிகை, துணி மடிப்பு ஆகியவற்றை உற்றுப் பார்க்கிறார்கள், எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். மூலத்தை வரைகிறவர் பாதியில் மனம் மாறிக் கையை நகர்த்துவார், மடிப்பைத் திருத்துவார். அந்தத் தடம் அடியில் தெரியும். பிரதி எடுப்பவருக்குத் திருத்த வேண்டிய தேவையே இல்லை. ஆகவே பலகையில் ‘ராம்சே பட்டறை’ என்று எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து.

தேவிபட்டினத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இந்த ஜார்ஜ் 1760 முதல் 1820 வரை அரசர். அந்த ஆண்டுகளில்தான் நம் சேதுபதி சீமை கைமாறியது. 1772ல் ஆற்காட்டு நவாபின் படையும் ஜெனரல் ஜோசப் ஸ்மித் தலைமையிலான கம்பெனிப் படையும் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சியில் சிறை வைத்தார்கள். பிறகு விடுவித்தார்கள், 1795ல் கம்பெனி மறுபடி அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையிட்டது. 1809ல் சென்னையில், சிறையிலேயே அவர் இறந்தார். அரசரின் படத்துக்கு முன் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வரை போக முடியாதவர்கள் இராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்காவது போய் வாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி அங்கே சுவரெங்கும் இருக்கிறார். தஞ்சை மராட்டியரோடு போரிடுகிறார், ஐரோப்பியருக்குப் பேட்டி கொடுக்கிறார். தொப்பியும் நீளச் சட்டையும் போட்ட வெள்ளைக்காரர்களை நம்மூர் ஓவியர் தம் கண்ணுக்குப் பட்டபடி வரைந்திருக்கிறார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கோட்டைப் படத்துக்காவது சந்தேகப்பட ஒரு பெயர் இருக்கிறது.