பதிவேடு மாறும்பொழுது பெயர் மாறலாமா?

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகேயுள்ள தஞ்சோங் ரம்புத்தான், ஈயச் சுரங்கங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே வளர்ந்த ஊர். 1911இல் நிறுவப்பெற்ற மனநல மருத்துவமனையால் அதன் பெயர் மலாயா எங்கும் பரவிற்று. அவ்வட்டாரத் தோட்டத் தமிழரின் பெயர்கள் கைப்பேரேட்டிலிருந்து கணினிக்கு வந்த வரலாறு, தரவுகளை ஓரமைப்பிலிருந்து மற்றோரமைப்பிற்கு மாற்றுவோர் கற்கத்தக்க பாடமாகும்.

தமிழ்ப் பெயர் மரபில் குடும்பப் பெயர் என்னும் உறுப்பு பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னிற்க, தன் பெயர் பின்வரும். மு. கருப்பையா என ஒருவரைக் கொள்வோமாயின், ஆங்கிலப் பதிவேடு அவரைக் ‘கருப்பையா சன் ஆப் முனியாண்டி’ என்றது. பின்னர் ‘மகன்’ எனப் பொருள்படும் ‘அனாக் லெலாக்கி’ என்னும் மலாய்த் தொடர் சுருங்கி ‘ஏ/எல்’ என நடுவில் நின்றது, மகளிர்க்கு ‘ஏ/பி’. உறவுமுறை தப்பியது, ஒலி தப்பவில்லை. ல, ள, ழ மூன்றும் ரோமன் எழுத்தில் பெரும்பாலும் ஒன்றாயின. ஒன்றானபின், முன்பிருந்தது எது என்று அவ்வெழுத்தைக் கொண்டே மீட்டறிய இயலாது.

நாட்கணக்கிலும் இச்சிக்கல் உண்டு. ‘பிரபவ ஆண்டு’ என்றால் 1867ஆ, 1927ஆ, 1987ஆ? அறுபதாண்டுச் சுழற்சியில் மூன்றும் ஒரே பெயருடையன. 1990இல் வந்த பன்னிரண்டிலக்க அடையாள எண்ணிலோ பிறந்த ஆண்டுக்கு ஈரிலக்கமே இடமுண்டு. அவ்விரண்டை மட்டும் நோக்கின் 1911உம் 2011உம் ஒன்றே. அவ்வெண்ணில் பிறந்த இடத்திற்கும் ஈரிலக்கமே. பேராக்கிற்குரிய 08 முதலிய எண்கள் மாநிலத்தைக் காட்டுமேயன்றித் தஞ்சோங் ரம்புத்தானையோ, தோட்டத்தையோ காட்டா.

சாய்கோட்டின் கதை தனி. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். ரோமன் பேரெழுத்தும் எண்ணும் ஒரு நிரப்புக் குறியுமே அங்கு இடம்பெறும், சாய்கோட்டிற்கு இடமில்லை. விமானப் பயணப் பதிவிலோ, அக்கோடு குடும்பப் பெயரையும் தன்பெயரையும் பிரிக்கும் எல்லைக்குறி. ஓரிடத்தில் உறவைச் சுட்டிய கோடு பிறிதோரிடத்தில் பெயரையே பிளக்கிறது. தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடின் மகன் தந்தையின் பெயரால் அழைக்கப்படுகின்றான்.

இவை எழுத்துப் பிழை எனத் தள்ளத்தக்கன அல்ல. 1948இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றபின் பிறந்த நாளும் இடமும் குடியுரிமைக்கு அடிப்படையாயின. பிறப்புச் சான்றில் ஒரு பெயரும் அட்டையில் வேறொரு பெயரும் இருப்பின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை ஏழைத் தொழிலாளியின் தலைமேல் விழுகிறது.

ஆதலின் பதிவேட்டை மாற்றுவோர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். மூலத்தில் உள்ள வடிவத்தைத் திருத்தாது தனிக் கட்டத்தில் காத்தல். தெரியாத நாளை ஊகித்து நிரப்பாது, தெரியாதது என்றே குறித்தல். மாற்றிய பின் இரு ஏடுகளையும் ஒப்புநோக்கி, பொருந்தாதவற்றை உரியவரிடமே கேட்டுத் தெளிதல். கட்டம் பெயருக்கேற்ப அமைதல் வேண்டும். கட்டத்திற்கேற்பப் பெயர் குறைதல் முறையன்று.