ரெதூத்தேயின் ரோஜா ஓவியங்களும் பெயரீட்டுச் சிக்கலும்

தாவரவியல் ஓவியம் அழகுக் கலையின் ஒரு கிளையாகப் போற்றப்படினும் அதன் முதற்பணி அடையாளங் காட்டுதலேயாகும். பியர் ஜோசப் ரெதூத்தே (1759-1840) வரைந்த ‘லெ ரோஸ்’ என்னும் நூலின் வரலாறு, அப்பணியில் ஓவியமும் சொல்லும் எங்கெங்கு ஒத்துச் சென்றன, எங்கெங்கு முரண்பட்டன என்பதைக் காட்டுகின்றது.

இன்றைய பெல்ஜியத்தில் பிறந்த ரெதூத்தே, பாரிசில் அரசி மரி அந்துவானெத்தின் ஆதரவையும் பின்னர் நெப்போலியனின் மனைவி ஜோசபினின் ஆதரவையும் பெற்றவர். ஜோசபினின் மால்மேசோன் தோட்டம் ரோஜாக்களுக்குப் புகழ் பெற்றது. எனினும் இந்நூலை அத்தோட்டத்தின் பட்டியல் எனக் கொள்வது பொருந்தாது. ஜோசபின் 1814இல் மறைந்தார். நூலோ 1817 முதல் 1824 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. பிற தோட்டங்களின் செடிகளும் இதில் இடம்பெற்றுள்ளன.

அச்சிட்ட முறை தனியே கருதத்தக்கது. செப்புத் தகட்டில் கோடுகளுக்கு மாறாக நுண்புள்ளிகள் பொறிக்கப்பட்டன. ஒரே தகட்டின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு வண்ண மைகளைச் சிறு துணிப்பந்துகளால் ஒற்றி, ஒரே அழுத்தத்தில் அச்சிட்டனர். பின்னர் நீர்வண்ணத்தால் கையால் திருத்தினர். இதழின் மெல்லிய நிறமாற்றம் கறுப்புக் கோட்டின் தடையின்றித் தோன்றியமைக்குக் காரணம் இதுவே.

விளக்கவுரையை எழுதியவர் குளோட் அந்துவான் தோரி. மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மேற்றோலிலிருந்து எழும் ரோஜாவின் முள்ளைப் பிரெஞ்சுத் தாவரவியல் ‘எகுய்யோன்’ என்னும். கிளையின் திரிபாகிய முள்ளை ‘எப்பீன்’ என்னும். தமிழில் இரண்டும் முள்ளே. ஓவியம் அருகில் இருக்கும்வரை குழப்பம் எழாது. உரை மட்டும் பெயர்க்கப்படும்போது வேறுபாடு மறைந்துவிடும்.

இதனினும் பெரிய சிக்கல் ‘ரோசா இண்டிகா’ என்னும் பெயர். 1753இல் லின்னேயஸ் இட்ட இப்பெயரின்கீழ்ச் சீன ரோஜாக்கள் பல தொகுக்கப்பட்டன. அவற்றுட் சில கல்கத்தா வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால் பிரெஞ்சு வழக்கில் ‘வங்காள ரோஜா’ என்றே வழங்கின. செடி வந்த வழி, பிறந்த நாடாகப் பெயரில் நிலைத்துவிட்டது! இன்று ‘ரோசா சைனென்சிஸ்’ என்னும் பெயரே வழக்கில் உள்ளது. ஆயினும் ரெதூத்தேயின் படங்களின் அடியில் பழைய பெயர் அச்சிட்டபடியே இருக்கின்றது. அதனை ‘இந்திய ரோஜா’ எனப் பெயர்ப்பவர் பிழையை இரட்டிப்பாக்குகின்றார். ஒலிபெயர்த்து, இன்றைய பெயரை உடன் தருவதே தக்கது.

அவ்வரிசையில் ‘ரோசா இண்டிகா ஃபிராக்ரன்ஸ்’ என்னும் படம் ஆபிரகாம் ஹியூம் என்பவர் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு வரவழைத்த தேயிலைமண ரோஜாவைக் குறிக்கும். அவர் பெயரால் இன்று வளர்க்கப்படும் செடி பழைய செடிதானா என்பதில் அறிஞர்க்கு ஐயம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் நாடும் சான்றுகளுள் முதன்மையானது ரெதூத்தேயின் இப்படம். இதழும் இலையும் முள்ளும் அதில் உள்ளன. மணத்திற்கோ ‘ஃபிராக்ரன்ஸ்’ என்னும் அடைமொழியும் தோரியின் உரையுமே சான்று.